கடைசி பெஞ்ச்



1980களில் என் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருந்தான். உயரமானவன் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். கரும்பலகையைப் பார்த்தபடியேதான் பாடம் நடத்துவேன். அவன் பாதியில் நின்றுவிட்டான். படிப்பில் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் திட்டத்தை மத்திய அரசு 1974-லேயே தொடங்கிவிட்டது. சேர்த்தால் போதுமா? சொல்லித்தர எங்களுக்குத் தெரிய வேண்டாமா? 1987-ல் யுனிசெஃப் உதவியோடு வந்த திட்டம்தான் அந்தக் குறையைத் தொட்டது. தேர்ந்தெடுத்த ஒன்றியங்களில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு வாரப் பயிற்சி, சிலருக்கு ஆறு வாரம், மிகச் சிலருக்கு ஓராண்டு. எங்கள் ஒன்றியம் அதில் இல்லை. 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் கூடிய மாநாட்டில் 92 அரசுகள் கலந்துகொண்டன. பிள்ளைக்கு ஏற்பப் பள்ளிதான் மாற வேண்டும் என்று அங்கே அறிவித்தார்கள். நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆசிரியர் பயிற்சியையும் அரசின் பொறுப்பாக்கியது.

எனக்குப் பயிற்சி கிடைத்தது ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது. முதல் நாள் சொன்னது இதுதான்: உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு, முகம் காட்டிப் பேசுங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, பலகையில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி நின்று பேசுங்கள்.