அந்த நாள்: பாட்டே இல்லாத ஒரு படமும் காலியான ஒரு ஊரும்

"சமீபத்துல என்ன படம் பார்த்த? எதைப் பார்க்கலாம்னு சொல்லு"ன்னு நிறைய பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க. உண்மையைச் சொல்லணும்னா, போன மாசம் நான் தியேட்டர் பக்கமே போகல. ஆபீஸ்ல ரிலீஸ் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு, பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பார்த்தது எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அதுல ஒரு படத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். படத்தைவிட அது நடக்கிற காலத்தைப் பத்தி அதிகம் பேசுவேன், பொறுத்துக்கோங்க. எங்க வீட்டுல அந்தக் காலத்தைப் பத்தி ஒரு தீராத வழக்கு ஓடிக்கிட்டு இருந்தது.

படம் 'அந்த நாள்'. 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ் வருஷப் பிறப்பை ஒட்டி வெளியானது. ஏவிஎம் தயாரிப்பு. இயக்கியவர் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தர்னு பின்னாடி உலகம் பூரா பேர் வாங்கினாரே, அவரேதான். 1927இல் பிறந்தவர். அப்படின்னா இந்தப் படம் வரும்போது அவருக்கு வயசு 27. என் வயசுக்காரர். நான் இந்த வயசுல ஒரு பட்டன் ஏன் சரியா வேலை செய்யலைன்னு மூணு நாளா தேடிக்கிட்டு இருக்கேன். சரி, அது வேற கதை.

தமிழ்ல பாட்டே இல்லாம வந்த முதல் பேசும் படம் இது. நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. 1930கள்ல ஒரு படத்துக்கு நாற்பது, ஐம்பது பாட்டுன்னு இருந்த ஊர் இது. அங்க இப்படி ஒரு படம் எடுக்க எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. படம் ஆரம்பிச்சதும் ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் செத்து விழறார். 'பராசக்தி' வந்து ரெண்டே வருஷம் ஆகியிருந்த நேரம். அந்தக் கதாநாயகனை முதல் காட்சியிலேயே பிணமாக்கிட்டுத்தான் படமே தொடங்குது.

செத்தவர் பேர் ராஜன். ரேடியோ இன்ஜினியர். யார் சுட்டாங்கன்னு விசாரிக்க சிஐடி அதிகாரி வர்றார். அந்த வேஷத்தில் நடிச்சது திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமன். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, இன்னொரு பெண், மனைவி உஷான்னு வரிசையா ஆட்கள். மனைவியா நடிச்சது பண்டரிபாய். ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்றாங்க, ஒவ்வொரு கதையும் வேற ஒருத்தரைக் கைகாட்டுது. குரோசவாவோட 'ராஷோமோன்' ஞாபகம் வருதா? சரிதான். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னைக்கும் வந்தது. அதில் திரையிட்ட படங்கள்ல ராஷோமோனும் ஒண்ணு. பாலசந்தரை இந்தக் கதைக்குத் தூண்டினது அந்தப் படம். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ராஷோமோன்ல கடைசி வரைக்கும் உண்மை எதுன்னு தெரியாது. 'அந்த நாள்'ல தெரிஞ்சிடும். யார் சுட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எழுபது வருஷப் பழைய படமா இருந்தாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். படத்தோட தலைப்புல இருக்கிற அந்த நாள் எது? 1943 அக்டோபர் 11. ஜப்பான் விமானம் சென்னை மேல குண்டு போட்ட நாளைத்தான் படம் பின்னணியா வெச்சிருக்கு. "சென்னை மேல குண்டா? அது எம்டன் இல்லையா?"ன்னு சிலர் கேப்பீங்க. எம்டன் 1914 செப்டம்பர் 22, முதல் உலகப் போர், ஜெர்மன் கப்பல். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போச்சு. "அவன் பெரிய எம்டன்"ங்கிற பேச்சு இன்னும் நம்ம வாயில இருக்கு. 1943 குண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரே ஒரு விமானம், துறைமுகப் பகுதியில் சில குண்டுகள், பெரிய சேதம் இல்லை. ஊரே மறந்துடுச்சு.

ஆனா அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி நடந்ததை ஊர் மறந்திருக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8, ரங்கூன் விழுந்தது. பர்மாவில் இருந்த நம்ம ஜனங்க காடு மலை தாண்டி நடந்தே வர ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் 5 கொழும்பு மேல குண்டு. ஏப்ரல் 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா. ஏப்ரல் 9 திருகோணமலை. மேப்பை எடுத்து இந்த ஊர்களுக்குப் புள்ளி வெச்சுப் பாருங்க. மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி, நடுவுல சென்னை.

அவசியம் இல்லாதவங்க எல்லாம் ஊரை விட்டுப் போகலாம்னு ஆளுநர் ஆர்தர் ஹோப்போட அரசு சொல்லிடுச்சு. ஹைகோர்ட் கோயம்புத்தூர் போச்சு. அரசு அலுவலகங்கள் பல, உள் மாவட்டங்களுக்குப் போச்சு. மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு, கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்னாங்க. கிடைச்ச விலைக்கு வீட்டை வித்துட்டு ரயில் ஏறினவங்க உண்டு. போக இடமும் காசும் இருந்தவங்க போனாங்க. கிராமத்துல ஒரு வீடோ, சொந்தமோ இல்லாத கூலிக்காரங்க எங்க போவாங்க? அவங்க இங்கேயே இருந்தாங்க.

எங்க பாட்டிக்கு அப்போ ஏழு வயசு. அவங்க அப்பா ஜார்ஜ் டவுன்ல ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மொத்தக் குடும்பமும் கும்பகோணம் பக்கத்துல இருந்த சொந்த ஊருக்குப் போச்சு. ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாதுன்னு விட்டுட்டுப் போனதும், திரும்பி வந்தப்போ அது இல்லாததும்தான் பாட்டிக்கு முதல் ஞாபகம். பக்கத்து வீட்டுல பெட்டி வண்டி இழுக்கிறவர் குடும்பம் இருந்ததாம். அவங்க எங்கேயும் போகல. "அவா என்ன ஆனான்னு உங்கப்பா வந்து விசாரிச்சாரா பாட்டி?"ன்னு கேட்டேன். "ஆட்டுக்கல்லைத்தான் விசாரிச்சார்"னு சொல்லிட்டு பாட்டி சிரிக்கவே இல்லை.

வழக்கு எதுல வருதுன்னா, குடும்பம் எப்போ திரும்பி வந்ததுங்கிறதுல. பாட்டியோட அண்ணன், நாங்க மாமா தாத்தான்னு கூப்பிடுவோம், "43 அக்டோபர்ல நாங்க சென்னையிலதான் இருந்தோம், குண்டுச் சத்தத்தை என் காதால கேட்டேன்"னு அடிச்சுச் சொல்வார். பாட்டி, "அதெல்லாம் கிடையாது, பொங்கலுக்கு அப்புறம்தான் வந்தோம், இவன் பத்திரிகையில படிச்சதைக் கேட்டதா சொல்றான்"ம்பாங்க. ஒவ்வொரு கல்யாணத்துலயும் இந்தச் சண்டை நடக்கும். ரெண்டு சாட்சி, ரெண்டு கதை. அதனாலதான் 'அந்த நாள்' பார்க்கும்போது பாட்டி படத்தை நிறுத்தச் சொல்லி, "நம்மாத்துக் கதையைப் படமா எடுத்திருக்கான்"னாங்க.

போர் ஊரை மட்டும் மாத்தல, சினிமாவையும் மாத்திடுச்சு. கச்சா பிலிம் வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரணும். கப்பலெல்லாம் போருக்குப் போச்சு. அதனால ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு அரசு கட்டுப்பாடு போட்டது. இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 எம்எம் பிலிம்ல ஒரு அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம். அப்போ நிமிஷத்துக்கு 90 அடி. 11,000 அடின்னா கிட்டத்தட்ட 122 நிமிஷம். மூணு மணி நேரத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருந்த படங்கள் ரெண்டு மணி நேரத்துக்கு வந்து நின்னது இப்படித்தான். பாட்டு எண்ணிக்கையும் கூடவே குறைஞ்சது. கலைஞர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை, மெமரி லிமிட் மாதிரி வெளியே இருந்து வந்த ஒரு எண்.

அதோட போருக்கு ஆதரவா படம் எடுக்கச் சொல்லி நெருக்குதலும் இருந்தது. 1939இல் 'தியாகபூமி' எடுத்தவர் கே. சுப்ரமணியம். கல்கியோட கதை. அதுல இருந்த சுதந்திரப் போராட்ட உணர்வுக்காக ஆங்கில அரசு அந்தப் படத்தைத் தடை செஞ்சது. அதே சுப்ரமணியம் 1945இல் 'மானசம்ரட்சணம்'னு போர்ப் பிரசாரப் படம் எடுத்தார். அதே வருஷம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல இருந்து டி.ஆர். சுந்தரத்தோட 'பர்மா ராணி' வந்தது. ஜப்பான்காரன்தான் வில்லன்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு 'அந்த நாள்' பார்த்தா வேற படமா தெரியுது. இதுக்கு மேல லேசான ஸ்பாய்லர், வேண்டாம்னா ரெண்டு பத்தி தள்ளிப் போங்க.

ராஜன் தேசத்துரோகி. ஜப்பானுக்கு உளவு சொல்றவன். ஆனா பிரசாரப் படத்து வில்லன் மாதிரி மீசையை முறுக்கிக்கிட்டு வர்றவன் இல்லை. திறமைசாலி. அவனோட ரேடியோ கண்டுபிடிப்பை சொந்த நாட்டுல யாரும் மதிக்கல. அந்தக் கசப்புதான் அவனை அங்க கொண்டுபோய் விடுது. ஆபீஸ்ல நாம போட்ட உழைப்பை வேற ஒருத்தர் மீட்டிங்ல தன் பேர்ல காட்டும்போது வர்ற அந்த எரிச்சல் எனக்கு நல்லாவே தெரியும். சிவாஜி அந்த எரிச்சலைக் கண்ணுல வெச்சுக்கிட்டுப் பேசும்போது ஒரு நிமிஷம் நான் அவன் பக்கம் சாய்ஞ்சுட்டேன். அப்புறம்தான் அவன் விக்கிற தகவலால குண்டு எங்க விழும்னு உறைச்சது. ரயில் ஏறினவங்க தலையில விழாது. பெட்டி வண்டிக்காரர் வீட்டு மேலதான் விழும்.

படம் வசூல்ல தோத்துடுச்சு. பாட்டு எங்கேன்னு கேட்டு வந்த ஜனங்களுக்கு அது பிடிக்கல. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அதே போர்க்காலத்துல, 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது. வெளியான ரெண்டு மாசத்துல கதாநாயகன் தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல கைதாகிட்டார். அவர் உள்ளே இருக்க, அவர் குரல் வெளியே பாடிக்கிட்டே இருந்தது. பயந்து காலியான ஊர் திரும்ப நிறைஞ்சு, பாட்டுக் கேட்க கியூவில் நின்ன காலம் அது. அந்தத் தாகம் பத்து வருஷத்துல தீர்ந்துடுமா?

கடைசியா ஒண்ணு சொல்லிடறேன். படம் முடிஞ்சதும் பாட்டி சொன்ன கதை முழுசையும் போன்ல ரெக்கார்ட் பண்ணேன். நாற்பது நிமிஷம். மாமா தாத்தா ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டார். அவர் தரப்புச் சாட்சியம் எங்கேயும் இல்லை. தினமும் சர்வர் லாக் எடுத்து வைக்கிறது என் வேலை. எங்க வீட்டு லாக்ல பாதியை நான் எடுத்து வைக்கல. குண்டுச் சத்தம் உண்மையிலேயே அவர் காதுல விழுந்ததான்னு இனிமே யாரைக் கேக்க? ரெக்கார்டிங் முடிச்சப்போ பாட்டியே மெதுவா, "ஒருவேளை அவன் மட்டும் அப்பாவோட முன்னாடியே வந்திருப்பானோ?"ன்னாங்க. எண்பது வருஷத்துல முதல் தடவை.

சரி, என் சிபாரிசு இதுதான். முதல்ல 'அந்த நாள்', ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் பாருங்க. அப்புறம் 'ஹரிதாஸ்', ரெண்டு மணி நேரம்தான், பாட்டுக்காகப் பாருங்க. நேரம் இருந்தா 'தியாகபூமி'. வீட்டுல எண்பது தாண்டினவங்க இருந்தா பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க, போன்ல சார்ஜ் இருக்கான்னு பார்த்துக்கோங்க. நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.