லயமும் சிறையும்: கேரி தீவிலிருந்து புடு வரை

சிலாங்கூர் மாநிலத்தின் கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிந்து கிடக்கும் கேரி தீவு, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. மாமேரிப் பழங்குடியினர் வாழ்ந்த அந்தச் சதுப்புநிலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரைகட்டி வாய்க்கால் வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டமாக்கப்பட்டபோது, அங்கே பால்வெட்டத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1891 முதல் 1895 வரை, கோலாலம்பூரில் புடு சிறைச்சாலை கட்டப்பட்டிருந்தது. தோட்டத்தையும் சிறையையும் ஒரே ஆட்சிமுறையின் இரு கட்டடங்களாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் வேலை ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடிய கூலியைக் குற்றவாளியாக நடத்திச் சிறைக்கு அனுப்பும் சட்டம் 1920களின் தொடக்கம் வரை மலாயாவில் நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் கைவிடப்பட்ட பின்னரும் அந்தத் தண்டனைப் பிரிவுகள் ஒரு பத்தாண்டு நீடித்தன என்பது பலரும் கவனிக்காத செய்தி.

தோட்டத் தொழிலாளர் தங்கிய லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைக்கப்பட்ட அறைகளைக் கொண்ட நீண்ட பலகைக் கொட்டகை. ஓர் அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி, அதாவது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மிகுதி; அதில் மூன்று நான்கு ஆண்களோ ஒரு குடும்பமோ, சில வேளைகளில் இரு குடும்பங்களோ தங்கினர். பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடாமல், காற்றோட்டத்தின் பெயரால் மேலே திறந்தே விடப்பட்டிருந்தது. அதனால் ஓர் அறையின் இருமலும் சண்டையும் குழந்தையின் அழுகையும் வரிசை முழுவதற்கும் பொதுவாயின. விடியலுக்கு முன் மணி அடித்ததும் எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் களத்துக்கு, வந்து நிற்க வேண்டும். தோட்ட மேலாளரான துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டிலும், கிராணிமார் எனப்பட்ட எழுத்தர்களின் வீடுகள் அதற்குக் கீழேயும், லயங்கள் தாழ்நிலத்திலும் அமைந்தன. கேரி தீவு போன்ற சமதளத்தில் மேடு கிடைப்பது அரிது என்றாலும், யார் யாரைப் பார்க்கலாம் என்ற ஒழுங்குக்கு மேடு கட்டாயமில்லை.

பார்வையை ஆட்சிக்கருவியாக்கும் எண்ணம் சிறைக் கட்டடக்கலையில்தான் வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட வட்டச்சிறைத் திட்டத்தில், நடுவிலிருக்கும் காவலர் எல்லா அறைகளையும் பார்க்கலாம், கைதி காவலரைப் பார்க்க முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் 1829இல் திறக்கப்பட்ட சிறையும் லண்டனில் 1842இல் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறையும், மையத்திலிருந்து கைகளாக விரியும் கட்டடங்களைக் கொண்டு இதே நோக்கத்தைச் சற்று மலிவாக நிறைவேற்றின. அந்தமானின் செல்லுலார் சிறையும் இந்த மரபில் வந்ததே. வானிலிருந்து நோக்கினால் பெருக்கல் குறிபோல் தெரிந்த புடு சிறையும் அவ்வாறே. தனிமைச்சிறை மனிதரைத் திருத்தும் என்று நம்பிக் கட்டப்பட்ட ஃபிலடெல்ஃபியாவை 1842இல் பார்வையிட்ட சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார்; தனிமை மனத்தைச் சிதைக்கிறது என்ற குற்றச்சாட்டு அந்த முறையை விட்டு விலகவே இல்லை. காலனிகளில் சிக்கல் நேர்மாறானது: தனி ஆளுக்கென வரையப்பட்ட அறையில் பலர் திணிக்கப்பட்டனர். வரைபடம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதன் நெறி வரவில்லை.

லயத்தின் அமைப்பு எத்தகைய மன உளைச்சலை வளர்த்தது என்பதை 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியல் எந்த ஆய்வையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. ஊதிய உயர்வை ஒட்டியே அந்தப் போராட்டத்தைப் பேசுவது வழக்கம். ஆனால் கோரிக்கைகளில் பல இடத்தையும் பார்வையையும் பற்றியவை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். மேலதிகாரிகள் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கொடுமைக்காரக் கண்காணிப்பாளர்களை நீக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். பார்வையாளர் அனுமதியை முதலாளி தீர்மானிக்கும் குடியிருப்பைச் சிறை என்று அழைக்கத் தயங்குவோர், வேறு எதைச் சிறை என்பர் எனக் கேட்கத் தோன்றும். தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைதானதும் கலவரம் மூண்டது; படை வரவழைக்கப்பட்டது; ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; நாதன் நாடுகடத்தப்பட்டார்.

மலாயாவின் அவசரகாலத்தில் (1948–1960) தோட்டத்தைச் சிறையோடு ஒப்பிடுவது வெறும் உவமையாக இருக்கவில்லை. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுக்க, தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்கம்பி வேலியும் வாயிற்சோதனையும் ஊரடங்கும் விதிக்கப்பட்டன.

ஆனால் வேலிதான் வன்முறைக்குக் காரணம் என்று முடிவு கட்டுவதும் பிழை. சிங்கப்பூருக்குத் தெற்கே பூலாவ் செனாங் தீவில் 1960இல் சுவரில்லாத தடுப்பு முகாம் தொடங்கப்பட்டது. 1963 ஜூலை 12 அன்று, கூடுதல் நேர வேலை தொடர்பான மோதலுக்குப் பின், அங்கிருந்தவர்கள் கண்காணிப்பாளர் டட்டனைக் கொன்று முகாமை எரித்தனர். சுவரை எடுத்தவர்கள், மறுத்துப் பேச ஒரு வழியை வைக்கவில்லை. புடுவில் 1986 அக்டோபர் 17 அன்று கைதிகள் அறுவர் மருத்துவரையும் ஆய்வுக்கூடப் பணியாளரையும் பணயம் பிடித்தனர். 22ஆம் தேதி காவல்துறை உள்ளே புகுந்து இருவரையும் உயிருடன் மீட்டது. கைதிகள் தேர்ந்த இடம் மருத்துவ அறை. கட்டடத்தின் நெடுங்கைகளை நோக்கி நின்ற கண்காணிப்பு அங்கே பயன்படவில்லை. கொள்ளளவைப் போல் பல மடங்கு கைதிகளைச் சுமந்த அச்சிறை 1996இல் மூடப்பட்டு, கைதிகள் சுங்கை பூலோ, காஜாங் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். 2010 முதல் 2012 வரை அது இடிக்கப்பட்டது, வாயில் மட்டும் எஞ்சியது.

நெரிசலைப் பற்றிய அமெரிக்கச் சிறை ஆய்வுகள் 1970களிலும் 80களிலும், பலர் சேர்ந்து தங்கும் பொதுக்கூடங்களில் இருப்போருக்கு நோய்முறையீடு மிகுதி எனக் கண்டன. மிச்சிகன் சிறையொன்றில், சாளரம் வயல்வெளியை நோக்கிய அறைக்காரர்கள் உள்முற்றத்தை நோக்கியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரை நாடினர். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வாளர் தேவைப்பட்டிருக்காது.

மலேசியத் தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. வேலையாட்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2020இல் வந்த விதிகள், பொதுத் தங்குவிடுதியில் ஒருவருக்கு உறங்கும் இடமாகக் குறைந்தது மூன்று சதுர மீட்டரைக் கோருகின்றன. பலர் சேர்ந்திருக்கும் சிறையறையில் கைதி ஒருவருக்குப் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு 3.4 சதுர மீட்டர்.