87,077 வெள்ளி: சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியின் தோற்றமும் நிதி திரட்டியோர் பணியும்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2005ஆம் ஆண்டில் யோங் லூ லின் அறநிதியத்திடமிருந்து 100 மில்லியன் வெள்ளி நன்கொடையாகப் பெற்று, அப்பெயரையே தன் பெயராக ஏற்றது. அவ்வாண்டு அப்பள்ளியின் நூற்றாண்டும் ஆகும். 2011இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவப் பள்ளிக்கு லீ அறக்கட்டளை 150 மில்லியன் வெள்ளி வழங்கியது. அப்பள்ளி லீ கோங் சியான் பெயரைத் தாங்குகிறது. பெருந்தொகை கொடுத்தோர் பெயர் இவ்வாறு நிலைபெறுவது முறையே. எனினும் மருத்துவக் கல்விக்குப் பணம் வந்த வரலாற்றைக் கொடுத்தவர் பெயரைக் கொண்டு மட்டுமே எழுதினால், அதனைக் கேட்டவர், திரட்டியவர், அரசோடு பேரம் பேசியவர் ஆகியோர் மறைந்துபோகின்றனர். நூறாண்டுகளுக்கு முற்பட்ட முதல் நிதி திரட்டலை இக்கண்ணோட்டத்தில் நாம் இங்கு நோக்குகிறோம்.

இங்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் 1904இல் புதிதாகத் தோன்றியதன்று. 1889இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதன்மை மருத்துவ அதிகாரியாக இருந்த மேக்ஸ் சைமன் இதற்கு வழிகோலினார். அரசும் இசைந்தது. ஆனால் 1890இல் நடத்தப்பெற்ற நுழைவுத் தேர்வில் தேறியவர் இருவரே. திட்டம் கைவிடப்பட்டது, மாணவரைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கும் ஏற்பாடே மிஞ்சியது. 1835 முதல் மருத்துவம் கற்பித்து வந்த சென்னை, இத்தீவின் மருத்துவமனைகளுக்கு உதவியாளரை உருவாக்கித் தரும் இடமாக அமைந்தது நம் கவனத்திற்கு உரியது. இம்முதல் முயற்சி முழுவதும் அதிகாரிகளின் முயற்சியாகவே இருந்தது என்பதையும் இங்குக் குறித்துக்கொள்வோம். இப்பள்ளி தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம் அப்போது அதன் பின்னால் இல்லை.

1904இல் நிலை மாறியது. நீரிணைச் சீனர் பிரிட்டிஷ் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கிய டான் ஜியாக் கிம், சீனரும் பிற ஐரோப்பியரல்லாதோரும் அடங்கிய குழுவுக்குத் தலைமையேற்று, ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம் விண்ணப்பம் அளித்தார். ஆளுநர் மறுக்கவில்லை, ஆனால் நிபந்தனை விதித்தார். பொதுமக்கள் முதலில் 71,000 வெள்ளி திரட்ட வேண்டும். படிப்பதற்குப் போதிய மாணவரும் இருத்தல் வேண்டும். இரண்டாவது நிபந்தனையில் 1890ஆம் ஆண்டின் கசப்பு ஒலிப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

சில திங்களுக்குள் 87,077 வெள்ளி சேர்ந்தது. தனியொருவர் அளித்த மிகப் பெரிய தொகை டான் ஜியாக் கிம்முடையது: 12,000 வெள்ளி. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விரு எண்களையும் அடுத்தடுத்துக் கூறி, அவருடைய வள்ளன்மையைப் போற்றி, அப்பால் சென்றுவிடுகின்றன. ஆனால் இவ்வெண்களைச் சற்று நின்று கூட்டிக் கழித்துப் பார்த்தல் வேண்டும். அவர் கொடுத்தது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. அதனை முற்றாக நீக்கிவிட்டாலும் 75,077 வெள்ளி எஞ்சுகிறது. ஆளுநர் கேட்ட தொகையினும் இது 4,077 வெள்ளி கூடுதல். அதாவது, அவருடைய பணம் இல்லாமலேயே பள்ளி தோன்றியிருக்கும். ஆனால் அவருடைய உழைப்பு இல்லாமல் தோன்றியிருக்குமா என்பது வேறு வினா. மேலும், 12,000 வெள்ளியே தனிநபர் கொடையின் உச்சம் எனில், எஞ்சிய தொகையை மிகக் குறைந்த அளவாக வேறு ஏழு பேரேனும் கொடுத்திருத்தல் வேண்டும். உண்மையில் அது மிகப் பலருடைய கைகளிலிருந்து வந்த பணம். ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் நேரில் சென்று கேட்டிருப்பார், இசைவு பெற்றிருப்பார், வாக்களித்த தொகை வந்து சேர்ந்ததா எனவும் பார்த்திருப்பார். முதற்கொடையைத் தாமே அளித்துவிட்டுப் பிறரிடம் செல்பவருக்கு ஒரு தகுதி வாய்க்கிறது. அவ்வகையில் அந்த 12,000 வெள்ளியைக் கொடை என்பதைவிடக் கேட்பதற்கான உரிமையைப் பெற்றுத் தந்த முதலீடு என்று கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இங்கு அவருடைய குடும்ப வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. டான் ஜியாக் கிம்மின் பாட்டனார் டான் கிம் செங், நகருக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டி 1857இல் 13,000 வெள்ளி வழங்கினார். பேரனின் கொடையைவிட அது பெரிது. ஆயினும் குடிநீர்ப் பணி முற்றுப்பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. பாட்டனார் அதனைக் காண உயிரோடு இல்லை. 1882இல் நகராட்சி அவர் நினைவாக ஒரு நீரூற்று அமைத்தது. அரசின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர் பாட்டனார். எதற்கு, எவ்வளவு, என்ன நிபந்தனை என்பதை முன்னதாகவே தெளிவுபடுத்திக்கொண்டு பலரையும் சேர்த்துத் திரட்டியவர் பேரன். பாட்டனாரின் பட்டறிவு பேரனுக்குப் பாடமாயிற்று என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும் இரு கொடைகளின் போக்கும் இவ்வளவு வேறுபட்டிருப்பது எண்ணத்தக்கது.

பள்ளி 1905ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் தொடங்கியது. முறையான திறப்பு விழா செப்டம்பர் 28இல் நடைபெற்றது. சிப்பாய் லைன்ஸ் பகுதியில் பெண்களுக்கான பழைய மனநல விடுதிக் கட்டடமே வகுப்பறையாயிற்று. முதல் அணியில் 23 மாணவர் சேர்ந்தனர். 1910இல் எழுவர் பட்டயம் பெற்று வெளியேறினர். பள்ளிக்கு இடப்பட்ட பெயர், 'நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள் அரசாங்க மருத்துவப் பள்ளி'. பொதுமக்கள் முன்பணம் திரட்டித் தந்த பள்ளிக்கு 'அரசாங்க'ப் பெயர்! ஆனால் ஆண்டுதோறும் பள்ளியை நடத்தும் செலவை அரசே ஏற்றது என்பதனையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். கட்டுவதற்குக் கொடுப்பவர் பலர் கிடைப்பர். நடத்துவதற்குக் கொடுப்பவர் அரிது.

அடுத்து வந்த இரு கொடைகள் இவ்வேறுபாட்டை விளக்குகின்றன. மலாக்காவைச் சேர்ந்த ரப்பர்த் தோட்ட முன்னோடி டான் சே யான், தம் தந்தை டான் டெக் குவான் நினைவாக 15,000 வெள்ளி வழங்கினார். அப்பெயர் கொண்ட கட்டடம் 1911இல் எழுந்தது. 2002இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும் ஆன கொடை கண்ணுக்குத் தெரியும்; நெடுநாள் நிற்கும்.

மற்றொன்று வேறு தன்மையது. 1910இல் மன்னர் ஏழாம் எட்வர்டு மறைந்தபின், எடின்பரோவில் மருத்துவம் பயின்ற லிம் பூன் கெங் அம்மன்னர் பெயரால் நினைவு நிதி ஒன்றைத் தொடங்கினார். 1912இல் அந்நிதியிலிருந்து 120,000 வெள்ளி பள்ளிக்குக் கிடைத்தது. 1904இல் திரண்ட தொகையைவிட இது பெரிது. சிலை வைத்தோ மண்டபம் கட்டியோ முடித்துவிடாமல், உடலியக்கவியல் கற்பிக்கும் விரிவுரையாளர் பதவி ஒன்றுக்கு இந்நிதி மூலதனமாயிற்று. முதலைத் தொடாமல் அதன் வருவாயில் ஆசிரியர் ஒருவரை நிலையாக அமர்த்தும் இம்முறை இங்கு அதுவரை அரிதாகவே கையாளப்பட்டது. மன்னரின் இறப்பால் விளைந்த இராச பக்தியை ஆசிரியர் ஊதியமாக மாற்றிய லிம் பூன் கெங்கின் திறம் வியக்கத்தக்கது. 1913 நவம்பர் 18ஆம் நாள் பள்ளி, 'மன்னர் ஏழாம் எட்வர்டு மருத்துவப் பள்ளி' எனப் பெயர் மாறியது. திரட்டியவரும் கொடுத்தோரும் அல்லர், மன்னரே பெயரைப் பெற்றார். 1916இல் இப்பள்ளியின் பட்டயத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றது. நிலையான ஆசிரியர் பதவிகள் இல்லாத பள்ளிக்கு அவ்வேற்பு எளிதில் வாய்த்திராது என நாம் கருதுகிறோம்.

1921இல் கல்லூரி என உயர்ந்தபின், 1920களில் ராக்பெல்லர் அறக்கட்டளை பாக்டீரியவியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் பேராசிரியர் பதவிகள் அமைய நிதி வழங்கியது. நிதி திரட்டலின் தன்மையே இங்கு மாறுகிறது. ஒரே ஊரில் வீடு வீடாகக் கேட்கும் நிலை போய், தொலைநாட்டு அறக்கட்டளையின் பிரதிநிதிக்குக் கல்லூரியின் தகுதியை எடுத்துக்காட்டும் நிலை வந்தது. இன்று பல்கலைக்கழகங்கள் இதற்கெனத் தனி அலுவலகமே வைத்துள்ளன. அவ்வலுவலர் தம் பெயரை எங்கும் பொறிப்பதில்லை.

விதிவிலக்கு இல்லாமலும் இல்லை. 1949இல் இக்கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னர்க் கோலாலம்பூரில் அப்பல்கலைக்கழகத்துக்கு மருத்துவப் புலம் அமைந்தபோது, அதன் முதல் தலைவராயிருந்து அதனை உருவாக்கியவர் பேராசிரியர் தம்பு ஜான் தனராஜ். அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைக் கொண்டுள்ளது. கொடுத்தவருக்கன்று, அமைத்தவருக்கு உரிய பெயர் அது.

டான் ஜியாக் கிம் 1917இல் மறைந்தார். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஜியாக் கிம் தெரு என ஒன்று உள்ளது. பாட்டனார் பெயர் கொண்ட கிம் செங் சாலையிலிருந்து அது பிரிந்து செல்கிறது.