தண்டனை குற்றத்திற்கா, குலத்திற்கா?

குற்றம் செய்தவனைச் சமுதாயம் தண்டிக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எவனைத் தண்டிப்பது, எவ்வளவு தண்டிப்பது, எதன்பொருட்டுத் தண்டிப்பது என்னும் வினாக்களில்தான் அறிஞர் வேறுபடுவர். இவற்றுக்கு நம் நாட்டு வரலாறு தரும் விடையினை மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சிலப்பதிகாரக் கதையை நீங்கள் அறிவீர்கள். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனை விசாரியாமலே கொல்வித்தான். தவற்றை உணர்ந்ததும் தன் உயிரையே விட்டான். தனியொருவனை ஆராயாது தண்டித்ததற்கே அந்நிலை எனின், ஒரு குலம் முழுவதையும் ஆராயாது தண்டித்த அரசினை என்னென்பது?

அத்தகைய அரசும் இங்கே இருந்தது. 1871-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். முதலில் வட இந்தியப் பகுதிகளில் நிலவிய அம்முறை, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவித்துவிட்டால், அவர்கள் கைரேகை பதிதல் வேண்டும். குறித்த வேளையில் அதிகாரிகள்முன் முகங்காட்டல் வேண்டும். அவ்வறிவிப்புச் செல்லாது என நீதிமன்றத்தில் வழக்காடவும் வழியில்லை. சிலரைத் தனிக் குடியிருப்புகளில் அடைத்தனர். ஆந்திரத்து ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து அஸீஸ் நகர் மற்றொன்று.

இதனால் குற்றம் குறைந்ததா? குறவர் மக்களுள் பலர் முன்னாளில் எருதுகளின்மீது உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய் விற்று வாழ்ந்தவர்கள். உப்பு வரியும் இருப்புப் பாதையும் அவ்வாணிகத்தை நலிவித்தன. எஞ்சிய பிழைப்பையும், ஊர் பெயர்ந்து செல்லலாகாது என்ற கட்டளை தடுத்தது. நேர்வழியில் உழைத்து உண்ணும் வாயிலை அடைத்துவிட்டு, குறுக்கு வழியில் செல்லாதே என்பது அறமாகுமா?

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் கள்ளர் குலத்தார் இப்பதிவை எதிர்த்து நின்றனர். காவல் துறையினர் சுட்டனர். ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அவர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அன்புடன் அழைத்தனர். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் பி. இராமமூர்த்தியும் போராடினர். 1947-இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கிற்று. 1952-இல் அது நாடு முழுவதும் ஒழிந்தது.

களவைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களும் இருந்தனவே என்பார் உண்டு. இருந்தன எனக் கொண்டாலும், குற்றம் பழக்கத்தால் வருவதன்றிக் குருதியால் வருவதன்று. பழக்கத்தை மாற்றும் மருந்து பள்ளிக்கூடம். அதே ஆட்சியினரே கள்ளர் நாட்டில் சீரமைப்புப் பள்ளிகளைத் திறந்தமை இதற்குச் சான்று. சட்டம் மறைந்த பின்னும் அப்பள்ளிகள் நிலைத்தன.

சட்டம் மறைந்தது, ஐயம் மறைந்ததா? 1993-இல் எங்கள் விருத்தாசலம் பகுதியில் குறவர் குலத்தவர் ஒருவர் திருட்டுக் குற்றத்தில் ஐயுற்றுப் பிடிக்கப்பட்டுக் காவலில் உயிரிழந்தார். அவர் மனைவி ஆட்கொணர்வு மனுவுடன் உயர்நீதிமன்றத்தை நாடினார். பின்னாளில் நீதியரசரான சந்துரு அவருக்காக வழக்காடினார். 2006-இல் உயர்நீதிமன்றம் காவல் துறையினரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. விசாரணைக்கு முன்னரே தண்டித்தவர்கள், முறையான விசாரணைக்குப் பின் தண்டனை பெற்றனர். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடே நீதி எனப்படுவது.

எங்கள் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சூளையிலிருந்து எடுத்த கலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே பிரிப்பர். ஒன்றில் விரிசல் கண்டமைக்காக மற்றவற்றையும் உடைப்பார் இலர். மண்கலத்துக்குக் காட்டும் இப்பொறுமையை மனிதனுக்குக் காட்டலாகாதா?

தண்டனை செயலுக்கு உரியது, பிறப்புக்கு உரியதன்று. அது விசாரணைக்குப் பின் வருதல் வேண்டும். குற்றத்தின் அளவை மீறலாகாது. திருந்தியவன் ஊரோடு மீண்டும் சேர்ந்து வாழ வழி விடுதல் வேண்டும். வகுப்பறையில் ஒரு பேனா காணாமற்போனால், உங்கள் கண்கள் முதலில் எந்த மாணவனை நாடுகின்றன? ஏன் அவனை நாடுகின்றன? நாளை நீதிபதியாகவும் காவல் அதிகாரியாகவும் அமரப்போகும் நீங்கள், அக்கேள்வியை இன்றே உங்களிடம் கேட்டுப் பழகுங்கள்.