தொனெற் சகோதரர்: ஒரு கதிரையின் வரலாறும் ஒரு குடும்பத்தின் வரலாறும்

கைத்தொழிற் புரட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாக நீராவி எந்திரத்தையும் நெசவாலைகளையும் புகையிரதப் பாதைகளையுமே நினைவிற் கொள்கின்றோம். மனிதன் அன்றாடம் அமரும் கதிரையும் அப்புரட்சியின் விளைபொருளே என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தச்சனின் உளிக்கும் வாளுக்கும் உரியதாயிருந்த தளபாடத் தொழில் எவ்வாறு தொழிற்சாலைக்குரியதாயிற்று என்பதை அறிய விரும்புவோர்க்கு, ஒஸ்திரியாவில் வளர்ச்சிபெற்ற 'தொனெற் சகோதரர்' நிறுவனத்தின் வரலாறு சிறந்ததொரு சான்றாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், ஒரு குடும்பம் ஒரு தொழிலுக்கு எந்த அளவில் உரிமை கொண்டாட முடியும் என்னும் வினாவை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனத்தின் மூலவரான மிகாயேல் தொனெற் 1796 இல் ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பாட் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுபவர். தச்சுத் தொழில் பயின்ற மிகாயேல் 1819 இல் அவ்வூரிலேயே தமக்கெனப் பட்டறை ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் வளைவான கதிரைக் கால் ஒன்றை அமைப்பதற்குப் பெரிய மரத்துண்டைச் செதுக்கவேண்டும். இதனால் மரமும் உழைப்பும் விரயமாயின; மரநாருக்குக் குறுக்கே வெட்டப்பட்டமையால் உறுதியுங் குன்றிற்று. 1830களில் தொனெற் வேறொரு வழியை நாடினார். மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் வேகவைத்து, அச்சிலிட்டு வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டச் செய்தார். செதுக்குவதற்குப் பதிலாக வளைப்பது என்னும் இச்சிறு மாற்றமே பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்தாயிற்று.

1841 இல் கொப்ளென்ஸ் நகரில் நடைபெற்ற கண்காட்சியில் இவரது பொருட்களைக் கண்ணுற்ற ஒஸ்திரிய அமைச்சர் மெற்றர்னிக் இவரை வியன்னாவுக்கு அழைத்தார். 1842 இல் அங்கு மரம் வளைக்கும் முறைக்கான அரச தனியுரிமை தொனெற்றுக்குக் கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் கடன்காரர் பொப்பாட்டிலிருந்த அவரது உடைமைகளைக் கைப்பற்றினர். கண்டுபிடிப்பாளர் என்ற புகழும் கடனாளி என்ற இழிவும் ஒருங்கே வந்தடைந்தன. குடும்பம் முழுவதும் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. தந்தையும் மைந்தரும் சில ஆண்டுகள் லிக்ரென்ஸ்ரைன் கோமகனின் மாளிகைக்கு மரத்தளம் பதிக்கும் பணியில், பிறரொருவரின் ஒப்பந்தத்தின் கீழ் உழைத்தனர்.

1848 ஆம் ஆண்டுப் புரட்சி மெற்றர்னிக்கை ஆட்சியினின்றும் அகற்றிற்று. பழைமையைக் காப்பதே தம் கடமையெனக் கருதிய அம்முதுபெரும் இராசதந்திரி, பழைய கைவினை முறையைக் குலைக்கவிருந்த ஒருவரைத் தாமே தலைநகருக்கு அழைத்து வந்தார் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். மறு ஆண்டு தொனெற் வியன்னாவில் சொந்தப் பட்டறையை அமைத்தார். டவும் என்னும் கோப்பிக் கடைக்குச் செய்து கொடுத்த கதிரைகள் நகரத்தார் கவனத்தை ஈர்த்தன. 1851 இல் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அவரது தளபாடங்களுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 1853 இல் பிரான்ஸ், மிகாயேல், ஓகஸ்ற், யோசெப், யாக்கோப் என்னும் தம் ஐந்து மைந்தரின் பெயரில் நிறுவனத்தை அவர் பதிவு செய்தார். 'தொனெற் சகோதரர்' என்னும் பெயர் இவ்வாறு தோன்றியதேயாகும்.

எனினும் பசைகொண்டு ஒட்டிய மரம் ஈரலிப்பைத் தாங்காது. தூரதேசங்களுக்குக் கப்பலிற் செல்லவேண்டிய பொருளுக்கு இது பெருங் குறைபாடாகும். ஆகவே ஒட்டாத முழு மரத்தையே வளைக்கவேண்டிய தேவை எழுந்தது. பீச் மரக் கோலை நீராவியில் இட்டால் அது இளகும். ஆயின் வளைக்கும்போது வெளிப்புற நார் நீண்டு கிழிந்துவிடும். கோலின் வெளிப்புறத்தில் உருக்குத் தகடொன்றைப் பொருத்தி, இருமுனைகளையும் இறுகப் பிணைப்பதே தொனெற் கண்ட தீர்வாகும். தகடு நீளாதாகையால் மரமும் நீள இயலாது; அது உட்புறமாக நெருக்கப்பட மட்டுமே செய்யும். நீராவியில் இளகிய மரம் இழுவையைத் தாங்காவிடினும் நெருக்கத்தை நன்கு தாங்கும். இவ்வாறு வளைத்த கோலை இரும்பு அச்சோடு உலர்த்தினால் அவ்வடிவம் நிலைத்துவிடும். 1856 இல் இம்முறைக்குப் பதின்மூன்று ஆண்டுத் தனியுரிமை வழங்கப்பட்டது.

தனியுரிமை கிடைத்ததும் குடும்பம் வியன்னாவை விட்டு வெளியே நோக்கிற்று. மொறாவியாவிலுள்ள கொரிச்சானில் முதலாவது பெருந் தொழிற்சாலையும், 1860களில் பிஸ்திரிற்சிலும் ஹங்கேரியிலும் வேறு தொழிற்சாலைகளும் எழுந்தன. இவ்விடங்களைத் தெரிவு செய்தமைக்குக் காரணங்கள் தெளிவானவை. பீச் காடுகள் அருகே இருந்தன. 1848 இல் நிலமானியக் கடமைகளினின்றும் விடுபட்ட குடியானவர் குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். வளைத்தல், அராவுதல், மெருகிடுதல், பிரம்பு பின்னுதல் எனத் தொழில் கூறுகூறாகப் பிரிக்கப்பட்டமையால், பல்லாண்டு தச்சுப் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படவில்லை. மெருகிடுதலும் பின்னுதலும் பெரும்பாலும் பெண்களின் வேலையாயின. அவர்கள் பின்னிய பிரம்போ ஐரோப்பாவில் விளைவதன்று. ஆசியக் காடுகளிலிருந்து சென்றது. மொறாவியக் குடியானவப் பெண்ணின் விரல்களையும் கீழைத்தேயக் காடுகளையும் ஒரே கதிரையில் இணைத்தது உலகச் சந்தை.

1859 இல் வெளிவந்த 14 ஆம் இலக்கக் கதிரை இம்முறையின் உச்சமாகும். அதன் முதிர்ந்த வடிவம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு சுரைகள் என்பவற்றைக் கொண்டே அமைந்தது. பகுதிபகுதியாகக் கழற்றிய முப்பத்தாறு கதிரைகளை ஒரு கன மீற்றர் அளவுள்ள பெட்டியில் அடக்கலாம். ஆதலால் கப்பற் கட்டணம் குறைந்தது. சென்றடைந்த இடத்தில் எவரும் அதனைப் பூட்டிக் கொள்ளலாம். மேன்மக்களின் மாளிகைக்கு உழைத்த குடும்பம் இப்போது கோப்பிக் கடைக்கும் சாதாரண இல்லத்துக்கும் உழைத்தது. 1930 வரையில் இவ்வகைக் கதிரைகள் ஐந்து கோடி விற்பனையாயின எனக் கணிக்கப்படுகின்றது. 1867 இல் பாரிஸ் கண்காட்சியில் நிறுவனம் பொற்பதக்கம் பெற்றது. மூலவர் 1871 இல் வியன்னாவில் காலமானார்.

அவர் மறைவதற்கு முன்னரே, 1869 இல் தனியுரிமை முடிவெய்தியிருந்தது. யாக்கோப்–யோசெப் கோன் முதலிய நிறுவனங்கள் அதே முறையைக் கையாண்டு போட்டியில் இறங்கின. கோன் நிறுவனம் யோசெப் ஹொவ்மன் போன்ற புதிய கலைஞரின் துணையையும் பெற்றது. முதலாம் உலக யுத்தம் ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசைச் சிதைத்தது. ஒரே நாட்டிலிருந்த காடும் தொழிற்சாலையும் தலைமையகமும் வெவ்வேறு நாடுகளுக்குரியனவாயின. 1920களின் தொடக்கத்தில் கோனும் முண்டஸ் நிறுவனமும் இணைந்த அமைப்போடு தொனெற் நிறுவனமும் ஒன்றாயிற்று. குடும்பத்தின் பெயர் நிலைத்தது. அதிகாரமோ லெயோபோல்ட் பில்சர் என்பாரின் கைக்குச் சென்றது. 1920களின் இறுதியில் மார்செல் புறோயர் முதலியோர் வகுத்த உருக்குக் குழாய்க் கதிரைகளையும் நிறுவனம் உற்பத்தி செய்தது.

1938 இல் நாற்சி ஜேர்மனி ஒஸ்திரியாவை இணைத்துக் கொண்டது. யூதரான பில்சர் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா செல்ல நேர்ந்தது; ஐரோப்பியப் பகுதி மீண்டும் தொனெற் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வுரிமை மீட்சியை வாணிபத் திறமையின் வெற்றியாக மட்டும் எழுதுவது வரலாற்று நேர்மையாகாது. 1945 இன் பின்னர் கிழக்கு ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. போரிற் சிதைந்த ஜேர்மனியின் பிராங்கென்பேர்க் தொழிற்சாலையைக் குடும்பத்தார் மீண்டும் கட்டியெழுப்பினர்.

இங்கேதான் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. குடும்பத்தை இழந்த பிஸ்திரிற்சுத் தொழிற்சாலை அழிந்துவிடவில்லை. 'தொன்' என்னும் புதிய பெயரோடு அது இன்றும் இயங்குகின்றது. இன்றும் அங்கு பீச் கோல்கள் நீராவியிலிட்டு வளைக்கப்படுகின்றன. பிராங்கென்பேர்க்கில் பெயர் தொடர்ந்தது. பிஸ்திரிற்சில் பெயரின்றியே தொழில் தொடர்ந்தது. தனியுரிமைப் பத்திரம், பங்கு, காடு, கட்டடம் என்பன ஒரு குடும்பத்தின் உடைமையாகலாம். தலைமுறை தலைமுறையாகக் கைகளிற் பயின்ற திறன் அவ்வாறு உடைமையாவதில்லை. அது உழைப்போரிடமே தங்கிவிடுகின்றது.

மிகாயேல் தொனெற்றின் அறிவாற்றலையோ, வறுமையிலும் பிரியாதிருந்து உழைத்த அவரது மைந்தரின் உறுதியையோ குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உருக்குத் தகட்டின் நுட்பம் அவர்களுடையதே. ஆயினும் கதிரையின் அடியிற் பொறிக்கப்பட்ட பெயர் ஒன்றே. அதனை வளைத்தும் அராவியும் பின்னியும் உருவாக்கியோர் ஆயிரக்கணக்கானோர். நிறுவனங்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர், பொறிக்கப்பட்ட பெயரோடு நின்றுவிடாது பொறிக்கப்படாத பெயர்களையும் தேடுதல் வேண்டும். அவ்வாறு தேடும்போதே குடும்ப வரலாறு சமுதாய வரலாறாக விரிவு பெறும்.