தேக்காவில் ஓர் உணவு நடை: திசைச்சொற்கள் கூறும் வரலாறு

சிங்கப்பூரின் பழைய வட்டாரங்களைக் காண வருவோரை அழைத்துச் செல்லும் உணவு நடைகள் இன்று பெருகியுள்ளன. வழிகாட்டி முன்னே செல்ல, பத்துப் பதினைந்து பேர் பின்னே நடந்து, ஒரு கடையில் தோசையையும் அடுத்த கடையில் பிரியாணியையும் சுவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு வட்டாரத்தின் கதையைக் கேட்டுத் திரும்புகின்றனர். இத்தகைய நடைக்குத் தேக்கா மிகவும் உகந்த இடம். ஆயினும் அங்கு எதை உண்ணலாம் என்று கூறுவோர் பலர். உண்பதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று கூறுவோர் சிலரே. இவ்வுரையில் நாமும் அதே தெருக்களில் நடப்போம்; ஒவ்வோர் இடத்திலும் நின்று, இடத்தின் பெயரையும் உணவின் பெயரையும் கேட்டறிவோம். ஆசிரியர், மாணவர் முன் ஒரு கேள்வியை வைப்பதே இந்நடையின் நோக்கம். சிங்கப்பூர்த் தமிழர் நாள்தோறும் வழங்கும் இச்சொற்கள் பிழைகளா, வரலாற்றுச் சான்றுகளா?

புறப்படுமுன் இலக்கண நூலைச் சற்றே புரட்டிக் கொள்வோம். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த 12 நிலங்களிலிருந்து வந்து வழங்குவனவற்றைத் திசைச்சொல் என்றார். பின்வந்த நன்னூலார் இவ்வரையறையை விரித்து, தமிழ் வழங்காத 17 நிலங்களின் சொற்களையும் அதனுள் அடக்கினார். அந்நிலங்கள் எவை என்பதை நன்னூல் உரைகள் எடுத்துக்காட்டும் பழம்பாடல் ஒன்று பட்டியலிடுகிறது. சிங்களம், தெலிங்கம், வங்கம் ஆகியவற்றோடு சீனம், சாவகம், கடாரம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. சாவகம் என்பது யாவா. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சீன மொழிகளும் மலாய் மொழியும் தமிழுக்குச் சொற்களை வழங்கலாம் என்பதை நம் இலக்கண மரபு வெகு முன்னரே ஏற்றுக்கொண்டுள்ளது. இதனை நினைவிற்கொண்டு நடப்போம்.

மூங்கிலடியும் மாட்டுத் தொழுவமும்

நம் நடை தேக்கா நிலையத்தில் தொடங்குகிறது. தேக்கா என்னும் பெயருக்கும் தேக்கு மரத்துக்கும் தொடர்பில்லை. சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் 'தெக் கியா கா' என்னும் ஹொக்கியன் தொடரின் திரிபே இது. ரோச்சோர் கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்ததை இப்பெயர் உணர்த்துகிறது. மலாய்க்காரர் இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றனர். அருகிலிருந்த மகப்பேற்று மருத்துவமனையும் அப்பெயரையே பெற்றது, கே.கே. மருத்துவமனை என்று நாம் கூறுவது அதன் சுருக்கம்.

பழைய சந்தை 1915இல் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் இன்றைய கட்டடத்துக்குச் சந்தை இடம் மாறியபோது, அதற்கு மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' எனப் பெயரிடப்பட்டது. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. எழுத்து அதே சீன எழுத்து. ஒலி மட்டுமே வேறு. எனினும் மக்கள் நாவில் புதிய பெயர் நிலைக்கவில்லை. 2000இல் தேக்கா நிலையம் என்னும் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. அந்த இடைக்காலம் முழுவதும் தமிழரும் தேக்கா என்றே வழங்கினர்; ஒரு ஹொக்கியன் சொல்லைக் காத்தவர்களுள் தமிழரும் அடங்குவர். 'தேக்காவில்', 'தேக்காவுக்கு' என நாம் கூறும்போது இடையே வகர உடம்படுமெய் தோன்றுகிறது. நிலா, நிலாவில் என்பதற்குரிய அதே விதி இங்கும் செயற்படுகிறது. வந்த சொல் நம் புணர்ச்சி விதிக்கு உட்பட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் உள்ளன. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்காடி என்பதோ சங்க இலக்கியத்திலும் சிலப்பதிகாரத்திலும் வழங்கும் சொல். பகற்சந்தையை நாளங்காடி என்றும் இரவுச்சந்தையை அல்லங்காடி என்றும் அந்நூல்கள் குறிக்கின்றன. புதிய நகரொன்றின் பொதுப் பயன்பாட்டுக்கு அப்பழஞ்சொல்லையே இங்குள்ளோர் எடுத்தாண்டனர். ஹொக்கியன் பெயர் கொண்ட கட்டடத்தினுள் சங்கச் சொல் ஒன்று உயிர்வாழ்கிறது.

எருமைச் சாலையிலிருந்து பந்தயச் சாலைக்கு

நிலையத்தை ஒட்டியுள்ளது பஃபலோ சாலை. அதற்கடுத்தது கெர்பாவ் சாலை. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மலாய்; பொருள் ஒன்றே. பெலிலியோஸ் சாலை ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியுள்ளது. நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால் 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் இங்கு வளர்ந்தது. அத்தொழிலோடு தென்னிந்தியரும் பிறரும் குடியேறினர். கெர்பாவ் சாலையில் நிற்கும் டான் டெங் நியா இல்லம் 1900இல் கட்டப்பட்டது. அவர் இனிப்புப் பண்டத் தொழில் நடத்திய சீன வணிகர். தேக்கா ஒருபோதும் ஓரினத்தவர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதை அவ்வீடு நினைவூட்டுகிறது.

அங்கிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை அண்மையிலுள்ளது. 1842இல் உருவான குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. பெயர் மட்டும் சாலையில் எஞ்சியது. இன்று அச்சாலைக்குப் பெயர் தேடித் தந்திருப்பது மீன் தலைக் கறி. 1969இல் தொடங்கிய முத்துஸ் கறி, 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ ஆகிய உணவகங்கள் இச்சாலையில் உள்ளன. கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949இல் சோபியா சாலை உணவகத்தில் இக்கறியை முதன்முதலாகப் பரிமாறினார் என்பது பரவலாகக் கூறப்படும் வரலாறு. சீனர் விரும்பியுண்ணும் மீன் தலையைத் தென்னிந்தியப் புளியிலும் மசாலையிலும் அவர் சமைத்தார். இவ்வுணவு இந்தியாவிலிருந்து வந்தது அன்று, இங்கேயே பிறந்தது.

இதன் பெயரைச் சற்றே ஆராய்வோம். தமிழ்நாட்டில் இதனை மீன் குழம்பு என்பர். நாமோ கறி என்கிறோம். சங்க நூல்களில் கறி என்பது மிளகு. பின்னர் அது சோற்றோடு உண்ணும் பண்டத்தையும் இறைச்சியையும் குறித்தது. 1681இல் வெளிவந்த இராபர்ட் நாக்ஸின் இலங்கை நூலில் இச்சொல் ஆங்கில வடிவம் பெற்றுள்ளது. மலாய் மொழியில் அது காரி ஆயிற்று. இப்பிறமொழிகளில் குழம்பு என்னும் பொருள் வலுப்பெற்றது. அப்பொருளைச் சுமந்தபடி நம்மிடமே அது மீண்டது. சிங்கப்பூர்த் தமிழரின் 'கறி' கடல் கடந்து சென்று திரும்பிய சொல்.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடியொன்று போர்த்துகீசியர் காலத்தில் இந்தியாவை அடைந்தபோது, தமிழர் அயற்பெயரை ஏற்கவில்லை. மிளகு போல் உறைக்கும் காயை மிளகாய் என்றனர். வந்த பொருளுக்குச் சில வேளைகளில் சொல்லைக் கடன் கொள்வதும், சில வேளைகளில் உள்ள சொல்லிலிருந்து ஆக்கிக்கொள்வதும் மொழியின் இயல்பு. இரண்டும் ஆற்றலே.

சுண்ணாம்புக் கம்பம்

சிராங்கூன் சாலைக்குத் திரும்பினால் வீரமாகாளியம்மன் கோயில் தோன்றும். முற்காலத்தில் இதனைச் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றனர். இவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கம்பம் என்றவுடன் தமிழ்நாட்டு மாணவர் தூணையோ தேனி மாவட்டத்து ஊரையோ நினைக்கக்கூடும். இக்கம்பமோ சிற்றூர் என்று பொருள்படும் 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். மலாய்க்காரர் வழங்கிய கம்போங் காப்பூர் என்பதும் சுண்ணாம்புச் சிற்றூரே. முற்சொல்லை மொழிபெயர்த்து, பிற்சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி, இரண்டையும் வல்லெழுத்து மிகுவித்துப் புணர்த்தினர் நம் முன்னோர். பெரும்பாலும் உடலுழைப்பாளரான அவர்களிடம் கலைச்சொல்லாக்கக் குழு ஏதும் இருந்திருக்க முடியாது.

இச்சாலையில்தான் கோமள விலாஸ் 1947 முதல் நடைபெற்று வருகிறது. இன்னும் பழமையான ஆனந்த பவன் 1924இல் செலிகி சாலையில் தொடங்கியது. இத்தகைய உணவகத்தின் மேசையில் அமர்ந்து தொல்காப்பியரின் பாகுபாட்டை நினைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள 'விலாஸ்', 'பவன்' வடமொழி வழியின. இலை, சோறு, உப்பு, நீர் இயற்சொற்கள். இறுதியில் கேட்டு வாங்கும் 'தே ஓ' திசைச்சொல். திரிசொல் செய்யுளுக்கே உரியது. அதனை உணவகத்தில் தேட வேண்டியதில்லை.

தேநீரின் கதையும் இங்கே கூறத்தக்கது. சீனத்தின் தென்கடற்கரை மக்கள் 'தே' என்றதைக் கடல்வழி வணிகர் எடுத்துச் சென்றனர். பிற பகுதியினர் 'ச்சா' என்றது தரைவழியே பரவி வட இந்தியாவில் 'சாய்' ஆயிற்று. தமிழின் தேயிலை, தேநீர் என்பவை கடல்வழிச் சொல்லின் வழித்தோன்றல்கள். தமிழ்நாட்டில் வழங்கும் 'டீ'யும் ஆங்கிலத்தின் வழியாக வந்த அதே சொல்லே.

சொல்வரிசை காட்டும் உண்மை

சாலையைக் கடந்து டன்லப் தெருவினுள் நுழைவோம். அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் இன்றைய கட்டடப் பணி 1907இல் தொடங்கியது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் பிரியாணியின் மணம் கமழும். உணவுப் பட்டியலில் 'நாசி பிரியாணி' என்றிருக்கும். நாசி என்பது மலாயில் சோறு. 'ரொட்டி பரோட்டா' என்னும் தொடரும் இத்தகையதே. தமிழில் அடைமொழி முன்னும் பெயர் பின்னும் வரும்: மீன் தலைக் கறி, தேங்காய்ச் சோறு. மலாயிலோ பெயர் முன்னும் அடை பின்னும் வரும். ஆகவே 'நாசி பிரியாணி' என்னும் தொடரின் வரிசையே அது மலாய் பேசும் வாடிக்கையாளருக்காக அமைந்த பெயர் என்பதைப் புலப்படுத்துகிறது. பிரியாணி எத்தகையது என்று அறியாதவர்க்கு, அது ஒருவகைச் சோறு என்று முதற்சொல் விளக்குகிறது.

கொண்டது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. மலாய் மொழியில் கடை 'கெடாய்', அப்பம் 'ஆப்பம்', மாம்பழம் 'மெம்பெலாம்', பெட்டி 'பெத்தி', கப்பல் 'காப்பால்'. இடியாப்பத்துக்கு வழங்கும் 'புத்து மாயம்' என்பதன் முற்பகுதி நம் புட்டு. தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளுக்கு மலாயில் வழங்கும் 'மாமாக்' நம் மாமாவிலிருந்து தோன்றியது. வாடிக்கையாளர் கடைக்காரரை உறவுமுறை கூறி அழைத்ததே ஒரு வணிக மரபின் பெயராயிற்று. இச்சொற்களுக்காக மலாய் ஆசிரியர் எவரும் நாணுவதில்லை.

வகுப்பறைக்குத் திரும்புதல்

நடை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். உணவங்காடியில் ஒருவர் 'கோப்பி ஓ கோசோங்' கேட்கிறார். கோப்பி மலாய், கறுப்பு எனப் பொருள்படும் 'ஓ' ஹொக்கியன், சர்க்கரையின்றி என்பதைக் குறிக்கும் 'கோசோங்', வெறுமை எனப் பொருள்படும் மலாய்ச் சொல். இளமையில் நான் ஒரு மாணவரின் கட்டுரையில் 'கோப்பி' என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்துக் 'காப்பி' என்று திருத்தினேன். அம்மாணவர் மறுப்புக் கூறவில்லை. நெடுங்காலம் கழிந்தே என் பிழை எனக்குப் புலப்பட்டது. காப்பி ஆங்கிலத்தின் வழியாக வந்தது. கோப்பி மலாயின் வழியாக வந்தது. இரண்டுக்கும் மூலம் அரபுச் சொல். இலங்கைத் தமிழரும் கோப்பி என்றே எழுதுகின்றனர். நான் தமிழைத் திருத்தவில்லை. ஒரு கடன்சொல்லை நீக்கி மற்றொரு கடன்சொல்லை வைத்தேன். அம்மாணவரின் வீட்டுத் தமிழ் தாழ்ந்தது என்னும் எண்ணத்தையும் உடன் விதைத்திருப்பேனோ என்பதே இன்றும் என்னை வருத்துவது.

அவ்வாறாயின் எல்லாக் கலப்பையும் ஏற்பதா? அன்று. இரண்டு வினாக்களால் நாம் வேறுபாடு காணலாம். முதலாவது, பொருளோடு சொல்லும் வந்ததா? இரண்டாவது, அச்சொல் வந்தபோது அவ்விடத்தில் வழங்கிய தமிழ்ச்சொல் வெளியேற்றப்பட்டதா? கோப்பி ஒரு புதிய பானத்தோடு வந்தது. கம்பம் இம்மண்ணின் குடியிருப்பு முறையோடு வந்தது. அவை திசைச்சொற்கள். ஆனால் சோற்றை 'ரைஸ்' என்றும் மீனை 'ஃபிஷ்' என்றும் கூறும்போது புதிய பொருள் ஏதும் வரவில்லை. இருந்த சொல்லே வெளியேறுகிறது.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஐந்து வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஹொக்கியன் உள்ளிட்ட சீனக் கிளைமொழிகள் அதே காலத்தில் 14.3 விழுக்காட்டிலிருந்து 8.7 விழுக்காடாகக் குறைந்தன. தேக்கா என்னும் பெயரைத் தந்த மொழியும் அதனைக் காத்த மொழியும் ஒருங்கே சுருங்கி வருகின்றன. தமிழில் 'கோப்பி' இருப்பதால் தமிழுக்குத் தீங்கில்லை. 'ஒரு கோப்பி கொடுங்கள், அண்ணே' என்னும் வாக்கியத்தில் கோப்பி மட்டும் நிலைத்து, 'கொடுங்கள், அண்ணே' மறைவதே தீங்கு.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. மாணவரை ஒருமுறை தேக்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் தமிழிலேயே பேசி ஓர் உணவை வாங்கட்டும். கேட்ட பத்துச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, அவற்றை இயற்சொல், திசைச்சொல், வடசொல் எனப் பிரிக்கட்டும். வீடு திரும்பிய பின், தாத்தா பாட்டி அப்பொருள்களுக்கு என்ன பெயர் வழங்கினர் என்று கேட்டு எதிரே எழுதட்டும். அக்குறிப்பேட்டில் 'கோப்பி' இருந்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.