ஒன்கலோ அணுக்கழிவுப் புதைவிடம்

ஒன்கலோ, அணு உலைகளில் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளை நிரந்தரமாகப் புதைப்பதற்காகப் பின்லாந்தில் குடையப்பட்டுள்ள சுரங்கத் தொகுதி. நாட்டின் மேற்குக் கரையை ஒட்டிய ஒல்கிலுவோட்டோ தீவில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பழமையான பாறைக்குள் அமைந்துள்ளது. நாட்டின் இரு அணுமின் நிறுவனங்களுக்குச் சொந்தமான போசிவா இதை அமைத்தது. தோண்டும் பணி 2004இல் தொடங்கியது; கட்டுமான உரிமம் 2015இல் கிடைத்தது.

புதைத்த கழிவு தானாக மேலேறி வராது. நிலத்தடி நீர் அதைக் கரைத்துச் சுமந்து வந்தால்தான் ஆபத்து. ஆகவே வடிவமைப்பாளர்களின் கவலையெல்லாம் நீரைப் பற்றியதே. பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் ஆறிய எரிபொருள், வார்ப்பிரும்பு உள்கூட்டில் வைக்கப்பட்டு, 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கலத்தில் அடைக்கப்படும். பாறையின் அழுத்தத்தை இரும்பு தாங்கும். அரிப்பைச் செம்பு தடுக்கும். சுரங்கத் தரையில் இட்ட செங்குத்துக் குழிக்குள் கலத்தை இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணை நிரப்புவார்கள். ஈரம் பட்டால் இந்த மண் உப்பி, இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அது 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் கெட்டுவிடக்கூடும் என்பதால் குழிகளைத் தள்ளித் தள்ளியே போட வேண்டும். சுரங்கங்கள் நீளமாக அமைவதற்குக் கழிவின் பருமனைவிட அதன் சூடே காரணம்.

அடுத்த பனியூழியையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் பாறையை அழுத்தும். அது உருகி விலகும்போது நிலநடுக்கம் வரலாம். பெரிய வெடிப்புகள் குறுக்கிடும் இடங்களில் குழி போடாததற்கு இதுவே காரணம். உப்பற்ற உருகுநீர் ஆழத்துக்கு இறங்கினால் களிமண்ணைக் கரைத்துச் செல்லவும் கூடும்.

கேபிஎஸ்-3 எனப்படும் இம்முறை சுவீடனில் உருவானது. ஆக்சிஜன் இல்லாத நீரிலும் செம்பு அரிபடும் என்று அங்குள்ள ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். 2018இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் கலத்தைப் பற்றிக் கூடுதல் சான்று கேட்டது. 2022இல் சுவீடன் அரசு, இதே முறையில் அமையவுள்ள ஃபோர்ஸ்மார்க் புதைவிடத்துக்கு ஒப்புதல் தந்தது. கலம் ஒன்றை மட்டும் நம்பாமல் மண்ணையும் பாறையையும் சேர்த்தே நம்புவதுதான் இம்முறையின் பலம்.

உள்ளூர் நகராட்சி மறுத்தால் திட்டம் நின்றுவிடும் என்பது பின்லாந்துச் சட்டம். ஒல்கிலுவோட்டோ அடங்கிய எயுராயொக்கி நகராட்சியின் மன்றம் 2000இல் இசைவு தந்தது. பின்லாந்தின் லோவீசா அணுமின் நிலையத்தின் கழிவு 1996 வரை ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டது. 1994இன் சட்டத்திருத்தம் அதற்கு முடிவு கட்டியதோடு, பிற நாட்டுக் கழிவைப் பின்லாந்தில் புதைப்பதையும் தடை செய்தது.